உயிரோடு கேட்ட சுறா

தேசிகன் பழவேற்காட்டுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஏரியில் எந்தெந்த மீன் எந்த மாதத்தில் வருகிறது என்று எழுதி மேலே அனுப்புவதுதான் உத்தியோகம். திருவள்ளூரில் அவர் குடும்பம் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்கிற குடும்பம். சனிக்கிழமை ஊருக்குப் போனால், கொல்லைக் கிணற்றில் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைய முடியும். அப்பா அவருடைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஏரிக்குள் அவரைப் படகில் அழைத்துப் போகிறவன் ராஜவேலு. 1969 ஐப்பசியில், ஆற்று வெள்ளம் ஏரியில் இறங்கி தண்ணீரில் உப்பு மட்டுப்பட்டிருந்த ஒரு காலையில் அவன் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான்.

"இந்தத் தண்ணிக்கு ஒரு சுறா உள்ள வரும் சார். மொட்ட மூக்கு, சின்னக் கண்ணு. வரச்சொல்லோ வயிறு இம்மாம் பெருசா இருக்கும். போவச்சொல்லோ ஒட்டிக்கினு போவும்."

தேசிகன் குறிப்பு நோட்டை மூடிவிட்டு அவனைப் பார்த்தார். மற்ற சுறாக்கள் நல்ல தண்ணீரில் அதிக நேரம் தாங்காது. அவற்றின் உடம்பில் உப்பு அதிகம். வெளியிலிருந்து தண்ணீர் ஊறி ஊறி உள்ளே ஏறிவிடும். இந்த ஒரு ஜாதி மட்டும் ஏறுகிற தண்ணீரைச் சிறுநீராகக் கழித்துவிட்டு, வேண்டிய உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெரிய நதிகளில் பல மைல் உள்ளே போகும் என்று அவர் படித்திருந்தார். இந்த ஏரியில் அது குட்டி போடுகிறது என்று அவருக்குத் தெரிந்து யாரும் எழுதியதில்லை.

அன்றே மேலதிகாரிக்கு எழுதினார். பத்து நாளில் பதில் வந்தது: மீன்பிடிக்கிறவர்கள் சொல்வதை எல்லாம் எழுத வேண்டாம், மாதிரி இருந்தால் அனுப்பவும்.

"ராஜவேலு, எனக்கு ஒண்ணு பிடிச்சுத் தர முடியுமா? உயிரோட வேணும்."

ராஜவேலு சிரித்துவிட்டான். "உசுரோடயா? சுறா மாட்டிச்சுன்னா மொதல்ல மண்டையில கட்டையால நாலு போடுவோம் சார். அப்பறந்தான் கிட்டவே போவோம்."

"அடிச்சா வயித்துல இருக்கற குட்டியும் போயிடும். மண்டையும் நசுங்கிடும். அது குட்டி போடறத நானே கண்ணால பார்த்து எழுதணும். இல்லைன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

ராஜவேலு சிரிப்பை நிறுத்தினான். "நான் சொன்னத நம்பாதவங்களுக்காவா?" என்றான். பிறகு, "சரி சார், பாக்கறேன்" என்றான்.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள் காலையில் முகத்துவாரத்துக்கு அருகே சுறா மாட்டியது. படகில் ராஜவேலு, அவன் மனைவியின் தம்பி கோபால், தேசிகன், மூன்று பேர். தண்ணீர் கலங்கி, பால் குறைந்த டீ போல இருந்தது. வலை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. ஒன்பதடிக்குக் குறையாது. வெள்ளை வயிறு ஒருமுறை புரண்டு தெரிந்தது. உப்பியிருந்தது.

கோபால் கட்டையை ஓங்கினான்.

"வேணாண்டா! சாருக்கு உசுரோட வேணும்" என்று சொல்லிக்கொண்டே ராஜவேலு கயிற்றுடன் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்தான். வாலில் சுருக்குப் போட்டுக் கரைக்கு இழுத்துவிடலாம் என்பது அவன் எண்ணம்.

கலங்கிய தண்ணீரில் அந்தச் சுறாவுக்குக் கண்ணால் பெரிய உபயோகமில்லை. எதிரே இருப்பது என்னவென்று முதலில் மூக்கால் இடித்துப் பார்க்கும், பிறகு கடிக்கும். தேசிகன் இதைப் படித்திருந்தார். வலைக்குள்ளிருந்து திரும்பிய அந்த மொட்டை மூக்கு ராஜவேலுவின் தொடையில் இடித்ததை அவர் பார்த்தார். "மேலே ஏறு" என்று கத்த வாயைத் திறந்தார். அதற்குள் ராஜவேலு சரிந்துவிட்டான். தண்ணீரின் டீ நிறம் சிவப்பாக மாறியது. கோபால் வெறி வந்தவன் போலக் கட்டையால் அடித்துக்கொண்டே இருந்தான்.

கரையிலிருந்து ஒரு லாரி பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அவர்களை ஏற்றிக்கொண்டது. தேசிகன் தன் வேட்டியைக் கிழித்துத் தொடையில் இறுகக் கட்டி, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல்களுக்கிடையே ரத்தம் வந்துகொண்டே இருந்தது.

"குட்டி இருந்துச்சா சார்?" என்று ராஜவேலு கேட்டான்.

"இருந்துது."

அவருக்கு அது தெரியாது. ராஜவேலு தலையை ஆட்டினான். பொன்னேரி வருவதற்கு இரண்டு மைல் முன்னாலேயே உயிர் போய்விட்டது.

உடம்போடு அவர்கள் திரும்பி வந்தபோது, ஊர்க்காரர்கள் சுறாவை மணலில் போட்டு வெட்டியிருந்தார்கள். தலை கூழாகக் கிடந்தது. வயிற்றில் பதினோரு குட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு கை நீளம். அவற்றையும் அடித்துப் போட்டிருந்தார்கள். ஒன்றின் செவுள் இன்னும் மெல்லத் திறந்து மூடியது. தேசிகன் அதன் பக்கத்தில் நின்றார். தண்ணீர் இருபதடி தூரத்தில் இருந்தது. எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குனியவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் ராஜவேலுவின் வீட்டுக்குப் போனார். அவன் மனைவி அங்காளம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். "வாங்க சார்" என்றாள். "அவுரு நேரம் முடிஞ்சு போச்சு. யார இன்னா சொல்றது?"

அவருக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். கோபால் கட்டையை ஓங்கியது, ராஜவேலு தடுத்தது, யாருக்காகத் தடுத்தான் என்பது. கோபால் இதை அக்காளிடம் சொல்லவில்லை என்பது அவளுடைய முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.



"இத இன்னாத்துக்கு சார் என்கிட்ட சொன்னீங்க?" என்றாள். "நேரம்னு நெனச்சு மனச தேத்திக்கினு இருந்தேன். இப்ப நான் இன்னான்னு நெனைக்கறது?"

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பார்த்ததை எழுதி மேலே அனுப்பினார். மாதிரி இணைக்கப்படவில்லை என்று அறிக்கை திரும்பி வந்தது. மறுபடி அனுப்பவில்லை. அடுத்த வருஷங்களில் மழை குறைந்து, முகத்துவாரத்தில் மணல் ஏறியது. சுறா வந்ததாக யாரும் சொல்லவில்லை. வந்தாலும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1976-ல் ஒரு வேலையாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போயிருந்தார். சாயங்காலம் ஸ்டேஷனில் இரும்புப் பட்டறை ஆட்களின் கூட்டம். அதில் அங்காளம்மாள் நின்றிருந்தாள். கையிலும் புடவையிலும் இரும்புத் தூள். அவளேதான் அருகில் வந்தாள்.

"பட்டறையில துண்டு இரும்பு பொறுக்கறேன் சார். பொன்னேரியில இருக்கோம். அவுரு போனதுலேந்து எம் பொண்ணு தண்ணிப் பக்கமே வரமாட்டேன்னுட்டா." பிறகு, "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அது இன்னாத்துக்கு சார் ஏரிக்கு வந்துச்சு?" என்றாள்.

தேசிகன் மெதுவாகச் சொன்னார். கடலில் பெரிய சுறாக்கள் குட்டிகளைத் தின்றுவிடும். நல்ல தண்ணீரில் அவற்றால் நுழைய முடியாது. அதனால் இந்தத் தாய் உள்ளே வந்து குட்டிகளை விட்டுவிட்டுப் போகும். குட்டிகள் வளர்ந்த பிறகுதான் கடலுக்குத் திரும்பும்.

அவள் முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப அது மேலயும் தப்பு இல்ல" என்றாள்.

ரயில் வந்தது. முண்டியடித்த பெண்களோடு அவளும் ஏறிக்கொண்டாள். தேசிகனும் அதே ரயிலில்தான் போக வேண்டும். அவர் ஏறவில்லை. அடுத்த வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது.