அப்பாவுக்கு ஒரு சாதா டிவி

குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் மேஜை என்னுடையது. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்திருக்கும்வரை காதில் விழுவது ஒரே வார்த்தைதான்: வரல. தண்ணீர் வரவில்லை, ரிப்பேருக்கு ஆள் வரவில்லை, வந்த தண்ணீரும் தண்ணீர் நிறத்தில் வரவில்லை. எல்லாவற்றையும் பதிந்துகொண்டு, தலை கனக்க வெளியே வந்தால் அப்பாவின் போன். "டிவி வரலம்மா."

பழைய டிவி ஒருவழியாக மண்டையைப் போட்ட பிறகு, வெளியூரில் இருக்கும் அண்ணன் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தான். பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. அதில் பொத்தானை அமுக்கினால் டிவி வராது; கட்டம் கட்டமாகப் படங்கள் வரும். பார்ப்பது யார் என்று விசாரிக்கும். பாஸ்வேர்டு கேட்கும். அப்பா மரியாதையாகப் பதில் சொல்லப் பார்ப்பார், எங்காவது கைபட்டுவிடும், உடனே வேறு ஏதோ மொழியில் பேச ஆரம்பிக்கும். நான் இரண்டு பஸ் மாறிப் போய் அதை வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

அம்மா போனதிலிருந்து அப்பா தனியாகத்தான் இருக்கிறார். சமைக்கிறார், துவைக்கிறார், மாத்திரையை வேளை தப்பாமல் போட்டுக்கொள்கிறார். அதெல்லாம் அண்ணன் கண்ணில் படவில்லை. "ஒரு டிவி போடத் தெரியலைன்னா, நாளைக்கு அடுப்பை எப்படி அணைப்பாரு?" என்றான். முதியோர் இல்லம் ஒன்றில் இடம் சொல்லி வைத்துவிட்டான். வாரக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அப்பாவிடம் மெல்லப் பேச்செடுத்தேன். "என்னை இங்கயே விட்டுடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார். தனக்கென்று எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சாதா டிவி ஒன்று நானே வாங்கித் தருகிறேன், அதை அவர் தானாகப் போட்டுப் பார்த்துவிட்டால் நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அண்ணனிடம் சொன்னேன். அவனும் சரி என்றான்.

அந்த டிவிக்காக அலைந்த அலைச்சலில் செருப்புதான் தேய்ந்தது. முதல் கடையில், இந்த டிவியோடு நீங்கள் பேசவே செய்யலாம் என்றார் விற்பனையாளர். பேசுவதற்கு அலுவலகத்திலேயே எனக்கு ஊர்ப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். அடுத்த கடையில், போட்டால் வர வேண்டும், அணைத்தால் போக வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று சொன்னதும் அந்த ஆள் என்னைப் பாவமாகப் பார்த்தார். கடைசியில் ஒரு சின்னக் கடையின் கீழ்த்தட்டில், தூசி படிந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்தது நான் கேட்ட டிவி. கட்டிப்பிடிக்காத குறையாக அப்பா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், பெரிய டிவியை ஓரம் தள்ளிவிட்டு இதை மாட்டினேன்.

டிவி சாதாதான். ரிமோட் அப்படி இல்லை; கொட்டிவைத்த மாதிரி அத்தனை பொத்தான்கள். அப்பா மின்நிலையத்தின் சுவிட்ச் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கருவிப்பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. அதிலிருந்து சிவப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, போடுவதற்கு, சத்தத்துக்கு, சேனல் மாற்றுவதற்கு உள்ள பொத்தான்களை மட்டும் விட்டுவிட்டு, மீதி எல்லாவற்றையும் மூடி ஒட்டினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். ரிமோட் மேஜையில் இருக்கிறது, மேல் பொத்தானை அமுக்குங்கள் என்று குளியலறைக் கதவிடம் சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மறுநாள் போன் செய்து, டிவி பார்த்தீர்களா என்று கேட்டேன். "இல்லம்மா. நீ எப்ப வரே?" என்றார். அதற்கு அடுத்த நாளும் அதே பதில். ரிமோட்டைக் கையில் எடுத்தீர்களா என்றால், எடுக்கவில்லை, நீ வா பார்த்துக்கொள்ளலாம் என்றார். மனிதருக்குத் தெரியவில்லை, சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அண்ணன் கூப்பிட்டபோது சண்டை போடத் தெம்பில்லை. இடத்தை உறுதி பண்ணிவிடு என்றேன். அழுகைகூட வரவில்லை, அசதிதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, அதை அப்பாவிடம் சொல்லத்தான் போனேன். இருண்ட டிவிக்கு எதிரே நாற்காலி போட்டிருந்தது. ரிமோட் நான் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. தண்ணீர்ச் செம்பைக்கூட அதன் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வைத்திருந்தார். என் பொறுமை போய்விட்டது. ஒரு தடவையாவது அமுக்கிப் பார்த்தால் என்னப்பா என்று கத்தியேவிட்டேன்.

"நீ சிவப்பு டேப் ஒட்டியிருக்கியேம்மா. எப்படிக் கை வைப்பேன்?"

எனக்குப் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். சுவிட்ச் அறைப் பலகையில் ஓர் ஓரத்தில் சிவப்பு டேப் இருந்தாலும், வெளியே மின்கம்பத்தில் ரிப்பேருக்கு ஆள் ஏறியிருக்கிறார் என்று அர்த்தம். பலகையில் எதையும் யாரும் தொடக் கூடாது. ஒட்டியவர்தான் வந்து பிரிக்க வேண்டும். பிரித்துவிட்டு, போடலாம் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதுவரை மேலதிகாரியே வந்து குதித்தாலும் கை வைக்கக் கூடாது.

"இந்த ரிமோட்டுக்கு யாருப்பா கம்பத்துல ஏறியிருக்கப் போறாங்க?"

"தெரியும்மா. ஆனா கை போகல. நீ ஏதோ வேலையைப் பாதியில விட்டுட்டுப் போயிருக்கேன்னு நெனச்சேன். அதான் நீ வரட்டும்னு இருந்தேன்."

நகத்தால் சுரண்டிச் சுரண்டி டேப் முழுவதையும் பிரித்தேன். பசை கையெல்லாம் ஒட்டியது. ரிமோட்டை அவரிடம் நீட்டினேன். வாங்கி, கட்டைவிரலை மேல் பொத்தானுக்கு நேராக வைத்துக்கொண்டார். அமுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் செய்தான். அப்பாவிடம் சொல்லியாகிவிட்டதா என்றான்.

"இடம் வேண்டாம்னு சொல்லிடு" என்றேன்.

"ஏன், டிவி போட்டுட்டாரா?"

"இன்னும் இல்ல. நான்தான் போட விடல."

அவன் மேற்கொண்டு ஏதோ கேட்டான். வைத்துவிட்டேன். எந்த இடம் என்று அப்பா கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. விரல் மட்டும் இன்னும் பொத்தானுக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது.

"போடலாம்பா" என்றேன்.

அமுக்கினார். டிவி வந்தது.