பதர் எண்ணும் வேலை

நெல் விளையவே கூடாது என்று தினமும் வேண்டிக்கொண்ட ஒரே ஆள் உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன். மூன்று வருடமாக அதுதான் என் வேலை. மகரந்தம் செத்துப்போன ஒரு நெல் ரகத்தை வளர்ப்பது, பூத்த பிறகு கதிரை உருவி மணிகளை நசுக்கிப் பார்ப்பது, எல்லாம் பதராக இருந்தால் நோட்டில் எழுதிவிட்டு வந்து படுப்பது. அப்படிப்பட்ட செடியின் மேல் வேறு ரகத்தின் மகரந்தம் விழுந்தால்தான் வீரிய ஒட்டு விதை கிடைக்கும்.

இந்த ரகத்துக்கு ஒரு வியாதி உண்டு. வெயிலில் மலடாக இருக்கும். குளிர் கூடினால் ஆண்மை திரும்பிவிடலாம். நெல்லுக்குள் இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. போன்ற பொடித் துணுக்குகள்தான் இதைத் திறந்து மூடுகின்றனவோ என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். எனக்குக் கொட்டாவி வந்தது. திறக்கிறதோ மூடுகிறதோ, 2008 மார்கழிக் குளிரிலும் என் ரகம் மலடாகவே நிற்க வேண்டும். நின்றால் ரகம் பிழைக்கும், என் ஒப்பந்தமும் நீளும்.

நிற்கவில்லை. தை பிறந்த வாரம் வாய்க்கால் ஓரத்து வரிசையில் பத்துக் கதிர் உருவினேன். ஒவ்வொன்றிலும் பால் பிடித்த மணிகள். வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அசதி. கதிர்களுக்குக் காகித உறை போட்டிருந்தால், சொந்த மகரந்தமா வெளி மகரந்தமா என்றாவது தெரிந்திருக்கும். உறையெல்லாம் கார்த்திகை மழையில் ஊறிப்போனது. புதிதாக வாங்கிவர நான் சோம்பல்பட்டேன்.

"வெளஞ்சிதானே கீது மேடம், அதுக்கு ஏன் இப்படி குந்திக்கினு கீறீங்க?" என்றார் சொக்கம்மாள். காலனியிலிருந்து வரும் கூலிப் பெண்களுக்கு அவர்தான் தலைமை. கால் கழுவ வாய்க்காலில் இறங்கினேன்.

கோரைக்கு நடுவே நெல் நின்றது. உயரமாக, வரிசை பிசகாமல், கையால் நட்ட நெல். பார்த்ததும் தெரிந்தது. என் ரகத்தோடு கலந்து முளைத்திருந்த, மகரந்தம் உள்ள வேற்று ரகக் கலவன் பயிர். பூக்கும் முன்பே பிடுங்கிக் குழியில் புதைக்கச் சொல்லியிருந்தேன்.

"என்னக்கா இது?"

அவர் எதையும் மறைக்கவில்லை. "நீங்க பொதைக்கச் சொன்ன பயிருதான் மேடம். கதிரு தள்ளிக்கினு நிக்கறத மண்ணுல போட்டு எப்படி மூடறது? கையே வரல. இங்க சேறு கீதேன்னு குத்தி வெச்சேன். கோழிக்காவது ஆவும்னு."

அவரை அன்றைக்கு ஒரு வழி பண்ணியிருப்பேன். வாயைத் திறந்தவள் பாதியில் நிறுத்தினேன். இவை பூத்தபோது உதிர்ந்த மகரந்தம்தான் காற்றில் என் வரிசையில் விழுந்திருக்க வேண்டும். அப்படியானால் தூரத்து வரிசைகளில் மணி பிடித்திருக்கக் கூடாது. நான் எப்போதும் வாய்க்கால் ஓரத்திலேயே கதிர் எடுப்பவள். கடைசி வரிசைக்கு முழங்கால் சேற்றில் போக வேண்டும் என்று மூன்று வாரமாக அந்தப் பக்கமே போகவில்லை.

போனேன். ஒரு கதிரை உருவி நசுக்கினேன். பதர். அடுத்ததும் பதர். இருபது கதிரிலும் ஒரு மணி இல்லை. அங்கிருந்தே, "எல்லாம் பதருக்கா! ஒண்ணுமே பிடிக்கலைக்கா!" என்று கத்தினேன். அப்போதுதான் அழுகை வந்தது. பேய் பிடித்தவளைப் பார்ப்பதுபோல அவர் என்னைப் பார்த்தார்.

திட்டத் தலைவர் கிருஷ்ணசாமி சாருக்குப் போன் செய்தேன். ரகம் தேறிவிட்டது என்பதையும் புதைக்காத கலவன் வாய்க்காலில் பூத்ததையும் கேட்டுக்கொண்டார். குரலில் சந்தோஷம் இல்லை.

"சோதனைத் திடல் கெட்டுப்போச்சே சுகிர்தா. புதைக்காம விட்டது யாரு? பேரைச் சொல்லு. நாளையிலேர்ந்து அந்த ஆளு வயல்ல கால் வைக்கக் கூடாது."

சொக்கம்மாள் எதிரிலேயே நின்றிருந்தார். அந்தக் குரல் அவருக்கும் கேட்டிருக்கும். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"நான்தான் சார்," என்றேன். முழுப்பொய் இல்லை. குழி மூடியதா என்று நான் பார்க்கவில்லை, உறை போடவில்லை, சேற்றில் இறங்கவில்லை.

"ரகத்தை அடுத்த போகம் நம்ம ஆபீஸ் வசந்த்குமார் பாத்துக்கட்டும். நீ மார்ச்சோட முடிச்சுக்கோ," என்றார்.

போனைப் பையில் போட்டேன். மூன்று வருடம் வளர்த்தது பிழைத்துவிட்டது. இனி அதன் பதரை வேறொருவர் எண்ணுவார். வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

சொக்கம்மாள் வாய்க்காலில் இறங்கி முதல் நெற்குத்தின் அடியைப் பிடித்தார்.

"இப்ப பொதைச்சிடட்டா மேடம்?"

"வேணாம்க்கா. பூத்து முடிஞ்சுது. முத்தட்டும்."