இயற்கை மகள்

"இவளா இயற்கை மகள்?" என்று அம்மா நிலத்தின் பங்கை எழுத குஸ்கோ நகரத்திலிருந்து வந்த ஸ்பானிய எழுத்தர், பாதிரியாரின் பிறப்புப் பதிவுப் புத்தகத்தைப் பார்த்துக் கேட்டார். மொழிபெயர்ப்பவன் அதை எங்கள் பேச்சில் அப்படியே திருப்பிச் சொன்னான்.

"ஆமா, நாந்தான்!"

நாலு பேருக்கு நடுவில் நான் வாய் திறப்பதே அபூர்வம். அன்று என் குரல் பாதிரியார் கோயில் முற்றம் முழுக்கக் கேட்டது. பக்கத்தில் நின்ற தங்கை சீசாவின் முகம் சுருங்கியது. அதைப் பார்க்க எனக்கு இனித்தது.

அம்மா பனிக்காலத்தில் இறந்துபோனாள். ஓடைக்கரை உருளைக்கிழங்கு நிலம் அவளுடையது. எங்கள் மலையில் அப்பன் நிலம் மகன்களுக்கு, அம்மா நிலம் மகள்களுக்கு. மூத்தவள்தான் முதலில் பங்கைத் தேர்வாள். ஆனால் அம்மாவின் மடியும் சிரிப்பும் கடைசிவரை சீசாவுக்குத்தான். சாகும்போதுகூட சீசா கையால்தான் தண்ணீர் குடித்தாள். நான் நிரப்பிய குவளை தொடாமல் கிடந்தது. நிலத்திலாவது நான் முந்த வேண்டும்.

"அப்ப நான் என்ன, கல்லுலயா மொளைச்சேன்?" என்றாள் சீசா.

"கேட்டுக்கோடி. பாதிரியார் புஸ்தகமே சொல்லுது."

மொழிபெயர்ப்பவன் என் பக்கம் குனிந்தான். "யக்கா, சந்தோஷப்படாத. கோயில்ல கல்யாணம் முடிக்கிறதுக்கு முன்ன பொறந்த புள்ளைக்குத்தான் இவங்க அந்தப் பேரு. பின்னால பொறந்தது இருந்தா, முன்னால பொறந்ததுக்குப் பங்கு கெடையாது."

எங்கள் ஊரில் எல்லோரும் ஓரிரு வருடம் சேர்ந்து வாழ்ந்து, ஒத்துவந்த பிறகுதான் கல்யாண விருந்து வைப்பார்கள். அம்மாவின் விருந்தில் நான் நடை பழகிக்கொண்டிருந்தேன். ஊரே என்னைத் தூக்கிவைத்து ஆடியதாம்.

"தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லு தம்பி."

"எழுதிட்டாரே."

சீசா சிரித்தாள். "போ அக்கா, போய் இயற்கையா ஓடைத் தண்ணி குடி."

எழுத்தர் அவளைப் பார்க்கவேயில்லை. பின்னால் நின்ற அவள் புருஷன் மமானியைக் கைகாட்டி அழைத்தார். மனைவியின் நிலமும் இனி அவன் பொறுப்பாம். மமானி இறகுப் பேனாவை விறகுபோலப் பிடித்து, கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சிலுவை போட்டான். சீசாவின் சிரிப்பு நின்றுபோனது.

விதைப்பு நாளில் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். முன்பெல்லாம் முதல் கிழங்கை எங்கே வைப்பது என்று அம்மா கால்விரலால் காட்டுவாள். அப்பா அங்கே உழுகோலால் தோண்டுவார். இப்போது மமானியும் அவன் அண்ணன்களும் உழுகோலோடு முன்னே போனார்கள். சீசா போர்வை நிறைய விதைக்கிழங்கோடு வரப்பில் நின்றாள்.

"எங்க வைக்கட்டும்?"

யாரும் திரும்பவில்லை. இன்னொரு முறை, சத்தமாகக் கேட்டாள். கிழங்கின் பாரத்தில் அவள் முதுகு வளைந்திருந்தது. இக்கரையில் என் விரல்கள், என் வெறும் போர்வையின் முனைகளை, கிழங்கு வாங்கிக்கொள்ளும் மடிபோலச் சேர்த்துப் பிடித்திருந்தன.