கிருஷ்ணப்பிரியாவின் கணினியில் மட்டும்

1

இந்தக் கதை ஒரு மன்னிப்புக் கடிதமாகத்தான் தொடங்கியது. 'அன்புள்ள கிருஷ்ணப்பிரியா' என்பதைத் தாண்டி ஓடவில்லை. 'நான்' என்று எழுதக் கூசியது. அதை அடித்துவிட்டு 'பரந்தாமன்' என்று போட்டேன். பிறகுதான் எழுத்து நகர்ந்தது. (கீழே வரும் 'அவர்' என்ற மரியாதையும் நானே எனக்குக் கொடுத்துக்கொண்டதுதான்.)

2

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு பெயிண்ட் கிடங்கின் மாடியில், மொபைல் செயலிகள் செய்யும் சிறிய அலுவலகம். பரந்தாமனுக்கு அங்கே பதினோரு வருட அனுபவம். கிருஷ்ணப்பிரியா சேர்ந்து ஐந்து மாதம். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருபவள். ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம்.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அவர்களுடைய முறை எப்போது என்று சொல்லும் ஒரு செயலியை அப்போது செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு வேண்டிய லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பு, அவள் கணினியில் மட்டும் ஏற மறுத்தது. அதன் ஒரு பகுதி கேட்கும் வெர்ஷன் இன்னொரு பகுதிக்கு ஒத்துவரவில்லை என்று திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

"சார், பொது ஃபோல்டர்ல இருக்கிற வெர்ஷன் லிஸ்ட்டே பழசோன்னு தோணுது."

"என் சிஸ்டத்துல ஓடுதே? நீ இன்னாத்தையோ நோண்டி வெச்சிகிற. எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்லேர்ந்து போடு" என்றார் பரந்தாமன், மேலாளர் திருவேங்கடத்தின் காதில் விழும்படி.

மூன்று நாள் அழித்து அழித்துப் போட்டாள்.

3

மூன்றாம் நாள் மதியம் பரந்தாமனுக்குப் புரிந்தது. வெர்ஷன்களை மாற்றியவர் அவர்தான். புதிய பட்டியலைப் பொது ஃபோல்டருக்கு அனுப்ப மறந்திருந்தார். அவள் சொன்னதுதான் சரி. உடனே அவர் எழுந்து, எல்லோர் முன்னிலையிலும்

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அவர் எழுந்திருக்கவில்லை.]

அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்துச் சத்தமில்லாமல் அனுப்பினார். வந்ததும், "இப்போ போட்டுப் பாரு" என்றார். ஏறிவிட்டது.

"தேங்க்ஸ் சார். நான்தான் எங்கேயோ தப்பு பண்ணிட்டேன் போல."

"பாத்தியா, அண்ணாத்தே கை வெச்சாதான் ஆவுது" என்றார் திருவேங்கடம்.

பரந்தாமன் சிரித்தார். (அந்தச் சிரிப்பை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.)

மாதக் கடைசியில் அவளை நிரந்தரமாக்கவில்லை.

4

போன வாரம் பூந்தமல்லியில் அவள் வேலை கேட்டிருந்த ஓர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"கிருஷ்ணப்பிரியா உங்க பேரைத்தான் குடுத்துகிறாங்க. பொறுமையா சொல்லிக் குடுத்தீங்களாம். ஒரு லைப்ரரி போடவே மூணு நாள் ஆச்சுன்னு அவங்களே சொல்றாங்க. அவங்க தப்பா சார் அது?"

ஆமாம் என்றால் அவளுக்கு அந்த வேலை இல்லை. இல்லை, என் தப்பு என்றால், அன்றைக்கே ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பார்கள். அவளுக்கும் தெரிந்துவிடும்.

முதலில் எழுதிய முடிவில் அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். இரண்டாவதில், "நல்லா வேலை செய்யற பொண்ணு" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். இரண்டிலும் அவர் நிஜத்தைவிட நல்லவராகத் தெரிந்தார். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

"சார், லைன்ல கீறீங்களா?" என்று கதையில் அந்தப் பக்கம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பதிலை நீங்கள் சொல்லுங்கள். நான் எழுதினால், அது மறுபடியும் என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கும்.