பூங்காவனத்தின் புது மூட்டு

தசரதனுக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டால் போதும், ஊருக்கே பாடம் நடத்திவிட்டுத்தான் ஓய்வான். ஆவடி பேக்டரியில் பிட்டர். பேரிங் கழற்றுவதும் மாட்டுவதும்தான் பிழைப்பு. பெண்டாட்டி பூங்காவனம் குவார்ட்டர்ஸ் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட நாள் முழுக்கப் பேயறைந்தவனாகத்தான் கிடந்தான். டாக்டர் ரகுநாதன் மேஜைமேல் மூட்டு பொம்மையை வைத்து விளக்க ஆரம்பித்ததும், ஐயாவுக்கு முகம் தெளிந்துவிட்டது.

மறுநாளே கூட வேலை செய்யும் மனோகரனைப் பிடித்து உட்கார வைத்து ஒப்பித்தான்.

"ரெண்டு வகை கீது மச்சான். தொடை எலும்போட தலை பந்து மாதிரி இருக்கும். அத்த மட்டும் மாத்தினா பாதி ஆபரேசன். ரொம்ப வயசானவங்களுக்கு அதுவே போதுமாம். பந்து உக்கார்ற கிண்ணமும் தேஞ்சிருந்தா ரெண்டையும் மாத்தணும், அது முழுசு. இவளுக்கு ரெண்டும் போச்சு."

"அத்த எலும்புல எப்டி நிறுத்துவாங்க?"

"அதுலயும் ரெண்டு கீது. சிமெண்ட் வெச்சு ஒட்டிட்டா சீக்கிரம் கால் ஊனலாம். சிமெண்ட் இல்லாம சொரசொரப்பா ஒண்ணை அடிச்சு எறக்கினா, எலும்பே வளந்து புடிச்சுக்கும். இவளுக்கு எலும்பு மெலிசு, சிமெண்டுதான்னுட்டாரு."

இவ்வளவும் சரியாகத்தான் சொன்னான். குறை சொல்ல முடியாது. ஆனால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். தரையில் உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, சம்மணம் கூடவே கூடாது, இடுப்பு அளவுக்கு மீறி மடங்கினால் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும் என்றார். அது மட்டும் தசரதன் மண்டையில் ஏறவில்லை. ஏறவில்லை என்ன, ஏற விடவில்லை.

காரணம் இருந்தது. தை மாசம் மகள் நாகவல்லிக்குக் கல்யாணம். தாரை வார்க்க அப்பனும் ஆத்தாளும் ஜோடியாக மணையில் உட்கார வேண்டும். ஆத்தாளால் முடியாதென்றால் தசரதனின் அண்ணன் ராஜசேகரனும் அண்ணியும்தான் உட்கார வேண்டும். அப்பா விட்டுப்போன நிலத்துச் சண்டையில் முகத்தில் முழிக்காமல் போன அண்ணன். அவன் கையால் என் பெண்ணைத் தாரை வார்ப்பதா, அதற்கு நான் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்று தசரதன் பொருமினான்.

ஐப்பசியில் பூங்காவனம் ஒரு கோலை ஊன்றித் தெருமுனை பால் பூத்து வரை போய் வந்தாள். அவளுக்கு அதுவே பெரிய சந்தோஷம். இவனுக்குப் போதவில்லை. புது பேரிங் முதலில் இறுக்கமாகத்தான் இருக்கும், மெதுவாக ஓட்ட ஓட்ட இளகும், இதுவும் அப்படித்தான் என்று முடிவு கட்டினான். ஷிப்ட் முடிந்து வந்ததும் மணையைப் போட்டு, அதன்மேல் தலையணைகளை அடுக்கி, அவளைப் பிடித்து உட்கார வைத்தான். அப்புறம் ஒவ்வொரு தலையணையாக உருவ ஆரம்பித்தான்.

"டாக்டரு வேணான்னாரே."

"அவரு பொதுவா சொல்றாரு. உன்னுது இன்னா மூட்டுன்னு எனக்குத் தெரியும்."

அவள் இன்னும் மறுத்திருக்கலாம். புருஷன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறானே என்று நம்பிவிட்டாள்.

கார்த்திகையில் கடைசித் தலையணையையும் எடுத்துவிட்டு, அவள் காலை மடக்கிச் சம்மணம் போட வைத்தான். உள்ளே களுக்கென்று ஒரு சத்தம். என்ன சத்தம் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கால் உள்பக்கமாகத் திரும்பி, குட்டையாகிக் கிடந்தது. பூங்காவனம் கத்தக்கூட இல்லை. மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து இழுத்து மாட்டினார்கள்.

"யார் கீழே உட்கார வெச்சது?" என்று கேட்டார் டாக்டர்.

"நான்தான் சார்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை. சுற்றியிருக்கும் தசையெல்லாம் தளர்ந்துவிட்டது, இன்னொரு தரம் கழன்றால் மறுபடி அறுக்க வேண்டியிருக்கும், இடுப்புக்குப் பட்டை போட்டிருக்கிறது, அதைக் கழற்றவே வேண்டாம், வீட்டுக்குள்ளேயே ஆள் பிடித்துக்கொண்டு நடக்கட்டும் என்றார். தசரதன் தலையாட்டினான்.

அன்றைக்கு மரத்துப்போனவன்தான். சோறு போட்டால் தின்றான், சைரன் ஊதினால் வேலைக்குப் போனான், பேரிங் மாட்டினான். அழுகை வரும் என்று பார்த்தான், வரவில்லை. அண்ணன் வீட்டுக்குத் தானே நடந்து போய், "நீயும் அண்ணியும்தான் மணையில உக்காரணும்" என்று சொன்னான். அத்தனை வருஷத்துக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ராஜசேகரன் சரி என்றான்.

கல்யாணம் திருநின்றவூரில் ஒரு மண்டபத்தில். பூங்காவனத்தை நாற்காலியோடு தூக்கி வந்து மேடைக்குக் கீழே உட்கார வைத்தார்கள். பட்டுப்புடவைக்கு மேலேயே பட்டை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் ஜாடை காட்டிக்கொண்டார்கள். தசரதன் அதைப் பார்த்தான், உறைக்கவில்லை.

"பொண்ணைப் பெத்தவா வாங்கோ" என்றார் ஐயர்.

"அவளால கீழ உக்கார முடியாது சாமி. எங்க அண்ணன் அண்ணிதான் உக்கார்றாங்க."

"கீழே எதுக்கு உக்காரணும்?" என்றார் ஐயர், தேங்காயைத் துடைத்துக்கொண்டே. "நாற்காலியை மேலே தூக்கிப் போடுங்கோ. நீங்களும் பக்கத்துல ஒண்ணு போட்டுண்டு உக்காருங்கோ. இப்ப எத்தனையோ பேர் அப்படித்தான் பண்றா. தாரை வார்க்கக் கைதானே வேணும்?"

நாலு பேர் தூக்கினார்கள். ராஜசேகரனும் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தான். பூங்காவனம் மேடைக்கு வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாகவல்லி கையை இவன் கைமேல் வைத்தார்கள். பூங்காவனத்திடம் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தார்கள்.

அவள் குனியாமல், இவன் பக்கம் திரும்பாமல், மெதுவாகக் கேட்டாள்.

"தலகாணிய உருவறதுக்கு முன்னாடியே இத்த ஒரு வார்த்த இந்த ஐயரைக் கேட்டிருக்கலாமில்ல நீ?"

"தோணலையே" என்றான் தசரதன்.

ஐயர் தண்ணீர் விடச் சொன்னார். அவள் விட்டாள்.