நங்கூரத்துக்குக் கட்டை போட்ட நல்லகண்ணு

சங்கரலிங்க சுவாமி மேலும் கோமதியம்மாள் மேலும் ஆணை. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கோவில் புற்றுமண்ணை நாக்கில் வைத்துக்கொண்டு சொல்லச் சொன்னாலும் இப்படியேதான் சொல்ல வேண்டியிருக்கும். மண் கொஞ்சம் தொண்டையில் ஒட்டும், அவ்வளவுதான்.

நல்லகண்ணுவுக்கு சங்கரன்கோவிலில் மரக்கடை. ஆனால் ஊர் அவரை அறிந்தது தேரால். வடம் பிடித்து இழுக்க ஆயிரம் பேர் வருவார்கள், இழுப்பது பெரிய காரியமில்லை. நிறுத்துவதுதான் காரியம். உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, மரக்கட்டையைச் செருகி, கையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நல்லகண்ணு கட்டை போட்டால் தேர் போட்ட இடத்தில் நிற்கும். வாலிபத்திலிருந்து சக்கரத்தை மட்டுமே பார்த்து வந்ததால், தேரின் உச்சியில் என்ன இருக்கிறதென்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

நிறுத்துவது அவருக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. போகிற சிவகிரி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, "ஒண்ணுமில்ல, போங்க" என்பார்.

மகள் சங்கரேஸ்வரியின் கல்யாணத்தை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை. கூடப் படித்த ஜோஷ்வாவைத்தான் கட்டுவேன் என்று நின்றாள், சர்ச்சில் கட்டிக்கொண்டாள். அவர் போகவில்லை. அன்றைக்குக் கடையில் ஒரு வேப்பமரத்தைத் தனியாளாக அறுத்துக்கொண்டிருந்தார். பிறகு இருவருக்கும் ஜெர்மனியில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் வீடியோ காலில் வருவாள், அவரும் பேசுவார். ஜோஷ்வாவின் முகம் ஓரத்தில் தெரிந்தால் போதும், போனை மேலே திருப்பிவிடுவார். அதனால் ஜோஷ்வாவுக்கு மாமனார் முகத்தைவிட மாமனார் வீட்டு சீலிங் ஃபேன் நன்றாகத் தெரியும். "மாமா, ஒரு இறக்க வளைஞ்சிருக்கு, பாத்துக்கிடுங்க" என்று ஒருமுறை ஃபேனிடமே சொன்னான்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம். நல்லகண்ணு புறவாசலில் தேருக்குப் புதுக் கட்டை செதுக்கிக்கொண்டிருந்தார். ஆடிக்காற்றில் சீவல் பறந்து அடுத்த தெருவுக்குப் போனது. மனைவி பார்வதியம்மாள் உள்ளேயிருந்து கத்தினாள்.

"இங்கன வாங்க! ஈஸ்வரி அழுதா!"

போனில் ஒரே கடல். லீவுக்குக் கிரீஸ் பக்கம் போய், ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். படகு ஓட்ட ஜோஷ்வா முறையாகப் படித்துப் பாஸ் பண்ணியவன்தான். ஒதுங்கி நிற்க வாகான சின்னக் குடா ஒன்றைக் கண்டு நங்கூரம் போடப் போயிருக்கிறான். சிக்கிய சங்கிலியை எடுத்துவிடும்போது அது அவன் வலது கையை நசுக்கிவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு இடது கையால் சுக்கானைப் பிடித்திருந்தான். சங்கிலியை ஏற்றி இறக்கும் ரிமோட் ஈஸ்வரியின் கையில். அங்கேயும் காற்று ஏறிவிட்டது.

"அப்பா, நங்கூரம் பிடிக்கவே மாட்டேங்கு. ரெண்டு தடவ போட்டாச்சு. படகு பின்னாலயே போகுது."

"அழாதட்டி. பின்னால என்ன இருக்கு, காட்டு."

காட்டினாள். கழுகுமலையைப் பாதியாக அறுத்து நிறுத்தியது மாதிரி ஒரு பாறை. அதன் காலடியில் அலை நுரைத்தது. நல்லகண்ணு போனை வாங்கிக்கொண்டார். தேர் அப்படிப் பின்னால் உருண்டால் என்ன செய்வாரோ அதைச் சொன்னார்.

"சங்கிலிய இறுக்கிப் புடி. ஒரு சாண்கூட விடாத. போட்ட இடத்துலயே நிக்கணும்."

அப்பா சொன்னபடி செய்தாள். குட்டைச் சங்கிலி நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்க, அது கடலடியில் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளித் துள்ளி வந்தது. படகு இன்னும் வேகமாகப் பின்னால் போனது. ஒரு அலை எழும்பி போன் வழியாகத் தெறித்தது. பார்வதியம்மாள் முந்தானையால் துடைத்து, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்புக் கரிக்கி" என்றாள்.

எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் மன்சூர் அலியும், பக்கத்துப் பூக்கடைத் தங்கப்பழமும் அதற்குள் வந்துவிட்டார்கள். படகு சாய்ந்த பக்கம் இருவரும் சாய்ந்து நின்றார்கள். அடுப்படியில் பானைகளும் அதே பக்கம் நகர்ந்தன.

போனில் ஜோஷ்வாவின் குரல் வந்தது. "மாமா, புடிக்கக் கூடாது. விடணும்."

நல்லகண்ணுவின் கை தன் பாட்டுக்குப் போனை மேலே திருப்பியது.

பார்வதியம்மாள் அதைப் பிடுங்கினாள். "ஃபேனா முங்கப் போகுது? எம் பிள்ளைல்லா முங்கப் போறா! ஒழுங்கா அவன் மூஞ்சியப் பாருங்க."

பார்த்தார். வெயிலில் தோல் உரிந்த முகம். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான், பயம் ஈஸ்வரிக்குத் தெரியக்கூடாதென்று கண்ணை மட்டும் சாதாரணமாக வைத்திருந்தான். அந்த மாதிரிக் கண்ணை நல்லகண்ணு தேரடியில் நிறையப் பார்த்திருக்கிறார். கட்டையோடு விரலும் போன பிறகு ஆட்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

"தண்ணி கருப்பாத் தெரியுத இடமெல்லாம் பாசி, மாமா. அங்க வழுக்கும். வெளுப்பாத் தெரியுது பாருங்க, அது மணல். அங்க போட்டு, காத்து தள்ளத் தள்ளச் சங்கிலிய விட்டுக்கிட்டே போகணும். ஆழத்தப்போல அஞ்சு மடங்கு. அப்பத்தான் சங்கிலி தரையோட படுத்து இழுக்கும், நங்கூரம் மண்ணுக்குள்ள பதியும்."

"பாறையப் பாத்துப் போகுதப்போ இன்னும் விடச் சொல்லுதியா?"

"ஆமா மாமா. விட்டாத்தான் நிக்கும்."

இப்படி ஒரு பேச்சை நல்லகண்ணு தன் ஆயுசில் கேட்டதில்லை. மகளைப் பார்த்தார். ரிமோட்டில் விரலை வைத்தபடி நின்ற அவள், பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையாகத் தேர் பார்க்க வரும்போது, அப்பா கண்ணைக் காட்டினால்தான் சக்கரத்தைத் தாண்டுவாள். இவ்வளவு தூரம் போயும் அதே பழக்கம். தான் வாய் திறக்காவிட்டால் அவள் விரல் அசையாது என்பது அவருக்குத் தெரிந்துபோனது.

"ஈஸ்வரி."

"அப்பா."

"மாப்பிள்ளை சொல்லுததக் கேளு. விடுட்டி."

மன்சூர் அலி தங்கப்பழத்தைப் பார்த்தார். "கேட்டீரா வே, மாப்பிள்ளைங்காரு!"

"மாப்பிள்ளைன்னுதான் காதுல விழுந்துச்சு. மூச்சு விடாதேயும்" என்றார் தங்கப்பழம்.

நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு படகு முன்னால் போனது. வெளுத்த தண்ணீருக்கு மேல் நின்று, அதை அடி வரை இறக்கினாள். காற்று தள்ளியது, அவள் விட்டாள். தள்ளத் தள்ள விட்டாள். அந்தச் சங்கிலிச் சத்தத்தில் புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சைக் குவியல் சரிந்ததாகப் பிறகு கேள்வி. பாறை பெரிதாகிக்கொண்டே வந்தது. நல்லகண்ணு வாயைத் திறக்கவில்லை. உதட்டைக் கடித்ததில் ரத்தம் கசிந்தது.

ஆனால் கை சும்மா இருக்குமா? போனை வாங்கித் தரையில் சாய்த்து வைத்தார். செதுக்கிய புதுக் கட்டையை அதன் அடியில் கொடுத்து, கொட்டாப்புளியால் ஒரே தட்டு.

படகு குலுங்கி நின்றது.

"பதிஞ்சிட்டு!" என்று ஜோஷ்வா கத்தினான். நின்றது மணலால் என்பது அவன் கட்சி. தங்கப்பழம் இன்றுவரை கட்டையின் கட்சி.

"சும்மா நின்னாப் போதாது மாமா, இழுத்துப் பாக்கணும்" என்றான். கரையில் ஒரு வெள்ளைச் சர்ச்சும், அதன் பின்னால் ஒற்றை மரமும் ஒரே நேராக இருந்தன. இன்ஜினைப் பின்பக்கமாக மெல்ல முடுக்கினான். மரம் சர்ச்சை விட்டு விலகினால் படகு நகர்கிறது என்று அர்த்தம். எல்லாரும் மரத்தைப் பார்த்தார்கள். விலகவில்லை.

இங்கே கட்டை கிரீச்சிட்டது. நல்லகண்ணு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். தெருவில் போய்க்கொண்டிருந்த சிவகிரி பஸ் நின்று, பின்னால் நகர ஆரம்பித்தது. டிரைவர் இறங்கி வந்தார்.

"யாரு வே எம் பஸ்ஸ இழுக்கது?"

"கொஞ்சம் பொறும் அண்ணாச்சி, கிரீஸ்ல நங்கூரம் சோதிக்காங்க" என்றார் மன்சூர் அலி. டிரைவரும் உட்கார்ந்து மரத்தைப் பார்த்தார்.

ஜோஷ்வா இன்ஜினை நிறுத்தினான். ஈஸ்வரி ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நல்லகண்ணு போனைத் திருப்பவில்லை.

"கைய உசத்தி வச்சுக்கிடுங்க மாப்பிள்ளை. தொங்கப் போட்டா வீங்கும்" என்றார்.

"சரி மாமா."

"காத்து நின்னதும் முதல்ல ஆஸ்பத்திரி. அவ சொன்னாக் கேளுங்க. எங்கிட்ட இருந்து வந்த பிடிவாதம், சுலபத்துல விடமாட்டா."

"தெரியும் மாமா" என்றான் ஜோஷ்வா. அவ்வளவு வலியிலும் சிரித்தான். "தபசுக்கு வர முடியல. சித்திரைத் தேருக்கு ரெண்டு பேரும் வரட்டுமா?"

நல்லகண்ணு கட்டையிலிருந்து இறங்கினார். "இது என்ன கேள்வி? வீட்டுக்கு வர யாராவது கேப்பாங்களா? வாங்க."

மண் தொண்டையில் ஒட்டுகிறது, அதனால் இதையும் சொல்லிவிட வேண்டும்: நல்லகண்ணுவுக்கும் பார்வதியம்மாளுக்கும் பெண்பிள்ளையே கிடையாது. மூன்றும் பையன்கள், மூவருக்கும் ராயகிரியில் விவசாயம்.