தாங்கு தாங்கென்று தாங்கினார்கள்

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் என் தம்பிக்கு மூன்று தடவை சவரம் நடந்தது. முதலில் எங்கள் சர்ச்சின் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் வந்து மழித்தார்கள். அவர்கள் போன கையோடு ஆண்கள் ஐக்கியம் வந்து நின்றது. இப்போதுதான் செய்துவிட்டுப் போனார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கொண்டுவந்த பிளேடைத் திருப்பி எடுத்துப் போக அவர்களுக்கு மனசில்லை. இல்லாத முடிக்கு நுரை போட்டார்கள். மூன்றாவதாகப் பெண்கள் ஐக்கியம். பெண்கள் வந்து சவரமா செய்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். தலைவியம்மா தன் வீட்டுக்காரரைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சாயங்காலம் பார்த்தால் தம்பியின் தாடை தீப்பட்டது மாதிரி சிவந்து கிடந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிகிற நேரத்தில் ஒவ்வொரு ஐக்கியமும் எழுந்து நின்று, போன மாதம் தாங்கள் செய்த அன்பின் ஊழியத்தைச் சொல்ல வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லாத ஐக்கியம் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். என் தம்பி படுத்த பிறகு எந்த ஐக்கியத்துக்கும் அந்தத் தலைகுனிவு வரவில்லை. எங்கள் வீடு மாடியில் ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை. அதில்தான் மூன்று ஐக்கியமும் முட்டி மோதின.

தம்பி எலக்ட்ரீசியன். சபையில் அவனுக்கு ‘மைக்கு’ என்றே பெயர். மைக், ஸ்பீக்கர், விளக்கு, விசிறி எல்லாம் அவன் பொறுப்பு. எல்லோருக்கும் முன்னால் போவான். எல்லோரும் போன பிறகு ஒயரையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு வருவான். நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவனும் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு அக்காவுக்குத் தம்பி, தம்பிக்கு அக்கா என்று காலம் ஓடிவிட்டது. அத்தனை வருஷத்தில் சபையிலிருந்து ஒரு ஈ காக்காகூட எங்கள் படி ஏறியதில்லை. நாங்களும் அதை எதிர்பார்த்ததில்லை.

ஒருநாள் வேலையிடத்தில் ஏணியிலிருந்து இறங்கியவன் அப்படியே சரிந்தான். வலது கை, வலது கால், பேச்சு மூன்றையும் பக்கவாதம் இழுத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் என்னிடம் கறாராகச் சொல்லித்தான் அனுப்பினாள். காலில் உயிர் இருக்கிறதாம். இந்த ஆறு மாதத்துக்குள் தினமும் காலை, மத்தியானம், சாயங்காலம் எழுப்பி நிறுத்தி, இடுப்பைப் பிடித்து நடத்தினால் தன்னால் நடப்பானாம். விட்டுவிட்டால் கால் விறைத்துப் போய்விடும், பிறகு யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். காலையும் சாயங்காலமும் நான் இருந்தேன். மத்தியானம் நான் ஓட்டல் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நிற்பேன். நான் ஒருநாள் போகாவிட்டால் அந்த இடத்தில் இன்னொருத்தி நிற்பாள். அந்த வேலைக்கு அவ்வளவுதான் மரியாதை.

ஆக, எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வாரநாளில், மத்தியானம், அரைமணி நேரம், தம்பியின் இடுப்பைப் பிடிக்க ஓர் ஆள்.

பாஸ்டர் ஐயாவிடம் போய்க் கேட்டேன். அவர் நல்லவர், உடனே அறிவிப்புக் கொடுத்தார். ஆராதனை முடிந்ததும் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு ஆபீஸ், ஒருவருக்குப் பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும், ஒருவருக்கு மூட்டுவலி. வேலை வெட்டி இல்லாத இரண்டு பேர், அந்த நேரம் கொஞ்சம் கண்ணயர்வோம் என்று வாய்கூசாமல் சொன்னார்கள். எல்லோரும் ஜெபித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஜெபம் வந்து இடுப்பைப் பிடிக்காதே!

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எள் விழ இடமில்லாமல் வந்தார்கள். தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். இடது கையால் தானே சாப்பிடுகிறவனுக்கு வரிசையில் நின்று ஊட்டினார்கள். அவன் எழப் போனால் தோளைப் பிடித்து அமுக்கி, நாங்கள் எதற்கு இருக்கிறோம், நீ படு மைக்கு என்றார்கள். அவனைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வாரம் முழுக்க நான் முதுகு ஒடிய நிமிர்த்தியவனை ஒரே நாளில் படுக்க வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு வயிறு எரியும். அவன் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம் இருக்கும். சனிக்கிழமையே தலையணை உறையை மாற்றச் சொல்லிக் குழறலாகவே என்னை நச்சரிக்க ஆரம்பித்தான்.

அப்படியும் காலையும் மாலையுமாக நான் விடவில்லை. சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து வாசல்வரை நடந்தான். முதல்முறை வாசலைத் தொட்ட அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து அழுதோம். எனக்கு ஒரு யோசனை வந்தது. அடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமை இவனை நடத்தியே சபைக்குள் கூட்டிக்கொண்டு போகிறேன். எல்லோரும் கண்ணால் பார்க்கட்டும். பார்த்தால் ஒருவராவது மத்தியானம் வருவார். அவனிடம் சொன்னேன். பார்ப்போம் என்று தலையை ஆட்டினான்.

அந்த ஞாயிறு அவனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே சபை வேன் வந்து நின்றது. மூன்று ஐக்கியமும் சேர்ந்து ஒரு சக்கர நாற்காலியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புத்தம் புதுசு, ரிப்பன் கட்டியிருந்தது. முதுகுப் பக்கம் மூன்று ஐக்கியத்தின் பெயரும் பெரிய எழுத்தில் இருந்தது.

“அவன் நடந்தே வருவான்மா. பாதி தூரம் வந்துட்டான்,” என்றேன்.

“இத்தனை பேர் இருக்கும்போது அவன் எதுக்கும்மா நடந்து கஷ்டப்படணும்?” என்றார் தலைவியம்மா.

“நாற்காலி வேணாம்மா. மத்தியானம் அரைமணி நேரம் யாராவது ஒருத்தர் வாங்க. அது போதும்.”

அவர் முகம் சுண்டிவிட்டது. “அன்பா செஞ்சதை வேணாம்னு சொல்லக் கூடாதும்மா. எல்லாருக்கும் மனசு கஷ்டமாயிடும்.”

நான் மேலே பேச வாயெடுப்பதற்குள் தம்பி தானாகவே போய் அதில் உட்கார்ந்துவிட்டான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு இரண்டு எட்டு. அந்த இரண்டு எட்டை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் நாற்காலியைத்தான் பார்த்தார்கள்.

சபைக்குள் ஆளாளுக்குத் தள்ளினார்கள். வாசலிலிருந்து வாலிபர்கள், நடுவிலிருந்து ஆண்கள், கடைசியில் பெண்கள். சபை முழுக்கக் கை தட்டியது. தம்பி குழறிக் குழறி ஸ்தோத்திரம் சொன்னான். பாஸ்டர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு மூன்று ஐக்கியத்துக்கும் சாட்சி சொல்ல வாய் போதவில்லை. நான் கடைசி வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு காலையில் எழுப்பினால் இன்றைக்கு வேண்டாம் என்பான். சாயங்காலம் எழுப்பினால் நாளைக்கு என்பான். கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிட மாட்டேன் என்று மிரட்டினேன். அசையவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது பயிற்சிப் பெண் அவன் முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு என்மேல் எரிந்து விழுந்தாள். நன்றாக வந்துகொண்டிருந்த காலை யார் இப்படி உட்கார வைத்தது என்று கேட்டாள். அன்பு என்று சொன்னால் அவளுக்குப் புரியுமா? இன்னும் சில வாரம் கையில் இருக்கிறது, அதையும் விட்டால் அவ்வளவுதான் என்றாள்.

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் நாற்காலியைத் தூக்கி மொட்டைமாடியில் போட்டுவிட்டு வந்து அவனை எழுப்பினேன். இன்று நடக்காவிட்டால் யாரையும் உள்ளே விட மாட்டேன் என்று கத்தினேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் குழறல் எனக்கு அத்துப்படி. ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

“நான் நடந்துட்டா யாரும் வரமாட்டாங்கக்கா.”

எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டு ஓவென்று அழ வேண்டும்போலவும் இருந்தது. அப்படியெல்லாம் இல்லை, வருவார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் தம்பியிடம் நான் பொய் சொன்னதில்லை.

மொட்டைமாடிக்குப் போய் நாற்காலியை எடுத்து வந்து கட்டிலோரம் போட்டேன். இடது கையை ஊன்றி ஏறி உட்கார்ந்தான். கீழே வேன் சத்தம் கேட்டதும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். வலது கால் தரையில் கிடந்தது. சீக்கிரம் என்று கண்ணைக் காட்டினான். நான் குனிந்து அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கி மிதிப்பலகையில் வைத்துவிட்டு, போய்க் கதவைத் திறந்தேன்.